தரவு வகை மாற்றப் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நிரல் இடையில் நிற்கவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. விடை மட்டும் தவறாக இருக்கிறது. கணக்குப் போடும் வரியை எத்தனை முறை படித்தாலும் அதில் குறை தெரிவதில்லை. இப்படி ஒரு நிலையில் சிக்கினால் சூத்திரத்தைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, அதற்குள் போகும் மதிப்புகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்று பாருங்கள். முழு எண், தசம எண், ஸ்ட்ரிங் (எழுத்துகளின் தொடர்), பைட் என ஒன்று இன்னொன்றாக மாறும் இடங்களில் பிறக்கும் பிழைகளுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு: நடப்பது ஓரிடம், தெரிவது வேறிடம். படிவத்தில் தட்டச்சு செய்தபோது நடந்த தவறு மாதக் கடைசி அறிக்கையில்தான் வெளிப்படும். அதனால் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போய், மதிப்பு எந்த வாசலில் வகை மாறியது என்று பிடிப்பதுதான் நம் வேலை.

பைத்தான், ஜாவா, சி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் அடிக்கடி வரும் அறிகுறிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிக்கும்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை வழக்கமான ஆங்கில வடிவில்தான் எழுத வேண்டும்.

எதையும் திருத்தும் முன்

மதிப்பை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பது போதாது. பைத்தானில் பிரின்ட்() கொடுத்தால் 5 என்ற எண்ணும் "5" என்ற ஸ்ட்ரிங்கும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். பலர் மணிக்கணக்கில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ரெப்ர்() வழியாக அச்சிட்டால் மேற்கோள் குறிகள் தெரியும். ஸ்ட்ரிங்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெற்றிடமும் தெரியும். டைப்() வகையையே சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் டைப்ஆஃப் அந்த வேலையைச் செய்யும். சி நிரலாக இருந்தால் கம்பைலரின் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) எச்சரிக்கைகள் அனைத்தையும் முடுக்கிவிடுங்கள். ஜிசிசி கம்பைலரில் வகைமாற்றத்துக்கென்றே தனி எச்சரிக்கை விருப்பம் ஒன்று இருக்கிறது. பொதுவான "எல்லா எச்சரிக்கைகளும்" என்ற விருப்பத்தில் அது அடங்காது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மதிப்பு நிரலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு முறையும், தவறான விடை வரும் வரிக்குச் சற்று முன்னால் ஒரு முறையும் வகையை அச்சிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் இடையில் எங்கோ மாற்றம் நடந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே தவறாக இருந்தால் வாசலிலேயே கோளாறு.

அறிகுறி: 5-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 53 வருகிறது

உங்களிடம் இருப்பது எண் அல்ல, எழுத்து. பைத்தானின் இன்புட்(), வலைப்பக்கத்தின் உள்ளீட்டுப் பெட்டி, சிஎஸ்வி கோப்பு, கட்டளை வரி என வெளியிலிருந்து வருவதெல்லாம் ஸ்ட்ரிங்காகத்தான் வரும். பயனர் தட்டியது எண்ணாக இருக்கலாம். நிரலுக்குக் கிடைப்பது எழுத்துகளின் தொடர்.

ஜாவாஸ்கிரிப்டில் "5" + 3 என்றால் "53". ஆனால் "5" - 3 என்றால் 2. கூட்டல் குறிக்கு ஒட்டுதல் என்ற இன்னொரு பொருளும் உண்டு, கழித்தலுக்கு இல்லை என்பதே காரணம். இதனால் ஒரே நிரலில் தள்ளுபடி கழிப்பது சரியாக நடக்கும், வரி கூட்டுவது மட்டும் கெடும். பாதி சரியாக இருப்பதால் நம் சந்தேகம் உள்ளீட்டின் மீது விழுவதே இல்லை. பைத்தான் இந்த விஷயத்தில் நேர்மையானது: ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் டைப்எரர் கொடுத்து நின்றுவிடும். புதியவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்து எரிச்சல் அடைகிறார்கள். உண்மையில் அது பெரிய உதவி; தவறு நடந்த அதே வரியில் உங்களை நிறுத்திவிடுகிறது. ஆனால் பைத்தானும் "5" * 3 என்றால் சொல்லாமல் கொள்ளாமல் "555" தரும்.

இதே நோயின் வேறு முகங்கள்: 9, 10-ஐ விடப் பெரிதாகத் தெரிகிறது, விலைப்பட்டியலை ஏறுவரிசையில் அடுக்கினால் 100, 20-க்கு முன்னால் வருகிறது. எழுத்துகளாக ஒப்பிட்டால் முதல் எழுத்தே முடிவு செய்யும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு ஒரு படி மேலே போய், உண்மையான எண்களின் வரிசையை சார்ட்() செய்தாலும் அது எழுத்துகளாக மாற்றித்தான் ஒப்பிடும்: 10, 9, 1 கொடுத்தால் 1, 10, 9 கிடைக்கும். ஒப்பிடும் சார்பு ஒன்றை நாமே தந்தால்தான் எண் வரிசை வரும்.

தீர்வு: வாசலிலேயே மாற்றுங்கள். படிவத்திலிருந்து எடுத்த அடுத்த வரியிலேயே இன்ட்(), ஃப்ளோட்(), நம்பர்() என உரியதைக் கொண்டு மாற்றிவிட்டால் உள்ளே போவது எப்போதும் எண்தான். கணக்கு நடக்கும் இடங்களில் ஆங்காங்கே மாற்றிக்கொண்டிருந்தால் ஓரிடம் கட்டாயம் விட்டுப்போகும்.

உண்மை, பொய் மதிப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமைப்புக் கோப்பிலிருந்து "ஃபால்ஸ்" என்ற சொல்லைப் படித்து பைத்தானின் பூல்() வழியாக மாற்றினால் கிடைப்பது உண்மை. காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் அதற்கு உண்மைதான். சொல்லைச் சொல்லோடுதான் ஒப்பிட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

அறிகுறி: சதவீதம் எப்போதும் 0 ஆக வருகிறது

மாணவர் ஒருவர் 500-க்கு 437 வாங்கியிருக்கிறார். 437 / 500 * 100 என்று சி அல்லது ஜாவாவில் எழுதினால் விடை 0. இரண்டு பக்கமும் முழு எண் என்றால் வகுத்தலின் விடையும் முழு எண்ணே என்பது அந்த மொழிகளின் விதி. 437-ஐ 500-ஆல் வகுத்த உடனேயே பின்னம் வெட்டப்பட்டு 0 ஆகிவிடுகிறது. பிறகு 100-ஆல் பெருக்கி என்ன பயன்?

இதைத் திருத்தும்போது நடக்கும் தவறுதான் இன்னும் பரவலானது. விடையை வைக்கும் மாறியை டபுள் என்ற தசம எண் வகையாக அறிவிக்கிறார்கள், அப்போதும் 0.0 வருகிறது. அடுத்து (டபுள்)(437 / 500) என்று காஸ்ட், அதாவது வகையை மாற்றும் குறி, போடுகிறார்கள்; அப்போதும் 0.0. அடைப்புக்குள் இருக்கும் வகுத்தல் முதலில் முடிந்து, பின்னம் போன பிறகுதான் காஸ்ட் வேலைக்கு வருகிறது. போன பின்னத்தை எந்தக் காஸ்ட்டாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. (டபுள்)437 / 500 * 100 என்று வகுபடும் எண்ணை முன்கூட்டியே மாற்றினால்தான் 87.4 கிடைக்கும். 100.0 * 437 / 500 என்று எழுதினாலும் போதும். காஸ்ட் எங்கே நிற்கிறது என்பதே இங்கே எல்லாம்.

பைத்தான் 3-இல் ஒற்றைச் சாய்கோடு எப்போதும் தசம விடையே தரும். 7 / 2 என்றால் 3.5. முழு எண் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு. பைத்தான் 2-இல் ஒற்றைக் கோடும் முழு எண் வகுத்தலாகவே இருந்தது. எனவே பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது எதிர்த்திசையில் கோளாறு வரும்: பட்டியலின் நடு இடத்தைக் கணக்கிட்ட வரி 3-க்குப் பதில் 3.5 தந்து, "சுட்டெண் முழு எண்ணாக இருக்க வேண்டும்" என்ற பொருளில் பிழை காட்டும்.

தரவுத்தளங்களும் ஒன்றுபோல் நடப்பதில்லை. 5 / 2 என்று போஸ்ட்கிரெஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவற்றிடம் கேட்டால் 2, மைஎஸ்க்யூஎல் 2.5 என்று சொல்லும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்த்த அறிக்கையில் சராசரிகள் எல்லாம் வட்டமான எண்களாக வந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

எதிர்ம எண்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். -7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் சி, ஜாவா இரண்டும் -3 தரும். பூச்சியத்தை நோக்கி வெட்டுகின்றன. பைத்தான் -4 தரும், கீழ்நோக்கிப் போகிறது. மீதியும் அதற்கேற்ப மாறும்: அங்கே -1, இங்கே 1. நாட்காட்டிக் கணக்கு, வட்டமாகச் சுற்றும் பட்டியல் போன்றவற்றை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எழுதும்போது இது மெல்லக் கழுத்தை அறுக்கும்.

அறிகுறி: தொகையில் ஒரு பைசா குறைகிறது

4.35 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக மாற்றுகிறீர்கள். 435 வர வேண்டிய இடத்தில் 434 வருகிறது. பெருக்கலின் விடையை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள்: 434.99999999999994. இன்ட் மாற்றம் முழுமையாக்குவதில்லை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிகிறது. 3.9-ம் 3, 3.1-ம் 3.

ஏன் 434.99 வந்தது? கணினியின் தசம எண்கள், 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலைப்படி, இரும அடிமானத்தில் சேமிக்கப்படுகின்றன. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எத்தனை இலக்கம் எழுதினாலும் முடிக்க முடியாததுபோல், பத்தில் ஒரு பங்கை இரும முறையில் முடிக்க முடியாது. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வருவது இதனால்தான். இது மொழியின் கோளாறு அன்று. இந்தத் தரநிலையைப் பின்பற்றும் எல்லா மொழிகளிலும் இதே விடைதான்.

இந்தச் சிறு பிழை உயிர்களைப் பறித்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக முழு எண்ணில் எண்ணிவந்தது. அதை வினாடியாக்க 24 பிட் பதிவகத்தில் 0.1-ஆல் பெருக்கினார்கள். 24 பிட்டுக்குள் அடங்கிய 0.1 உண்மையான 0.1-ஐ விட மிகச் சிறிதளவு குறைவு. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தக் குறை ஏறத்தாழ 0.34 வினாடியாகச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது அதற்கு மறுநாள்.

பணக் கணக்குக்கு என் பரிந்துரை எளிது: ஃப்ளோட் என்ற இந்த இரும அடிமானத் தசம வகையைத் தொடாதீர்கள். தொகை முழுவதையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றுங்கள். அல்லது பைத்தானின் டெசிமல், ஜாவாவின் பிக்டெசிமல், தரவுத்தளத்தின் டெசிமல் நெடுவரிசை ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். அதிலும் ஒரு பொறி: டெசிமல்(0.1) என்று எண்ணைக் கொடுத்தால், ஏற்கெனவே கெட்டுப்போன ஃப்ளோட் மதிப்பைத்தான் அது துல்லியமாகப் பிரதி எடுக்கும். டெசிமல்("0.1") என்று ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள்.

ஃப்ளோட்டைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் இன்ட்டுக்கு முன்னால் ரவுண்ட் செய்யுங்கள். ஆனால் பைத்தானில் ரவுண்ட்(2.5) என்றால் 2, ரவுண்ட்(3.5) என்றால் 4. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது அதன் விதி. ஜாவாஸ்கிரிப்ட் 2.5-ஐ 3 ஆக்கும். பயனரின் உலாவியில் ஓடும் முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்டிலும் சர்வரில் ஓடும் பின்பக்கம் பைத்தானிலும் ரசீதுத் தொகையைத் தனித்தனியே முழுமையாக்கினால் இரண்டும் ஒருநாள் முரண்படும். ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள்.

அறிகுறி: பெரிய எண் திடீரென எதிர்மமாகிறது

30 நாட்களுக்கு எத்தனை மில்லிவினாடி என்று ஜாவாவில் 30 * 24 * 60 * 60 * 1000 எழுதி, லாங் என்ற அகலமான முழு எண் வகை மாறியில் வைக்கிறீர்கள். 2592000000 வர வேண்டும், வருவது -1702967296. லாங்கில் இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் பெருக்கல் நடந்தது இன்ட் எண்களுக்கிடையே. இன்ட்டின் உச்சம் 2147483647. அதைத் தாண்டிய விடை வழிந்து எதிர்மமான பிறகுதான் லாங்கில் ஊற்றப்படுகிறது. சதவீதக் கணக்கில் பார்த்த அதே கதைதான்: மாற்றம் பிந்திவிட்டது. முதல் எண்ணை லாங்காக்கி எழுதினால் முழுக் கணக்கும் லாங்கில் நடக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அதில் இன்ட் 16 பிட் மட்டுமே, உச்சம் 32767. 300-ஐ 200-ஆல் பெருக்கினால் -5536. வீட்டில் புதிய கம்பைலரில் சரியாக வரும் நிரல் ஆய்வகத்தில் தவறினால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பைத்தானின் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் நம்பை என்ற கணக்கீட்டு நூலகத்தின் வரிசைகளுக்கு உண்டு. படச் செயலாக்கத்தில் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை கொள்ளும் 8 பிட் எண். படத்தைப் பிரகாசமாக்க 200 உள்ள புள்ளியில் 100 கூட்டினால் 300 அல்ல, 44 வரும். வெளிச்சமான இடங்கள் எல்லாம் கறுப்புத் திட்டுகளாக மாறும். முதலில் அகலமான வகைக்கு மாற்றிக் கூட்டி, 255-க்கு மேற்பட்டதை 255-இல் நிறுத்தி, பிறகு 8 பிட்டுக்குத் திரும்புங்கள்.

அகலமான வகையிலிருந்து குறுகிய வகைக்குப் போகும் ஒவ்வொரு காஸ்ட்டையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஜாவாவில் 200-ஐ பைட்டாக மாற்றினால் -56. ஜாவாவின் += குறி, காஸ்ட் கேட்காமலே சுருக்கும்: இன்ட் மாறியில் 3.7-ஐ இப்படிக் கூட்டினால் கம்பைலர் தடுக்காது, பின்னத்தை விழுங்கிவிடும். பின்ன எண் இன்ட்டுக்குள் அடங்காவிட்டால் ஜாவா உச்ச மதிப்பைத் தரும். சி மொழியிலோ என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை.

இந்த வகைப் பிழையின் மிகப் பெரிய சாட்சி ஏரியன் 5. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய அந்த ராக்கெட் 40 வினாடி அளவிலேயே திசை மாறிச் சிதறியது. அதனுடன் நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின. நிலைக்குறிப்பு அமைப்பில் கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது அது 32767-க்குள் அடங்கவில்லை. மென்பொருள் ஏரியன் 4-லிருந்து எடுக்கப்பட்டது. அந்த ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வாய்ப்பில்லை. ஏரியன் 5 வேகமானது. இப்படிப்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்புப் போட்டு, கணினியின் வேலைப்பளுவைக் குறைக்க மூன்றை விட்டுவைத்திருந்தார்கள். மாற்று அமைப்பிலும் அதே மென்பொருள் ஓடியதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. மாற்று அமைப்பு வைத்திருக்கிறோம் என்று நிம்மதியடைகிற ஒவ்வொருவரும் இந்த விவரத்தை நினைவில் வைக்க வேண்டும்: மதிப்பு பிழையானால் பிரதியும் பிழைதான்.

செய்ய வேண்டியது: சுருக்கும் முன் எல்லையைச் சோதியுங்கள். ஜாவாவில் மேத்.டுஇன்ட்எக்ஸாக்ட்() அடங்காத எண்ணைக் கண்டால் பிழை எழுப்பும். சொல்லாமல் கொள்ளாமல் கெடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அறிகுறி: நீளமான எண்ணின் கடைசி இலக்கம் மாறுகிறது, முன்னால் இருந்த 0 மறைகிறது

சர்வர் 9007199254740993 என்று அனுப்புகிறது. உலாவியில் 9007199254740992 என்று வருகிறது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண்கள் எல்லாம் 64 பிட் தசம எண்களே. அவற்றில் துல்லியத்துக்கு 53 பிட்தான் உண்டு. அந்த எல்லைக்கு மேல் எல்லா முழு எண்களையும் குறிக்க முடியாது. ட்விட்டர் 2010-இல் பதிவு எண்களை 64 பிட்டாக்கியபோது, அதே எண்ணை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான். நீங்களும் அதையே செய்யுங்கள். பெரிய முழு எண்களுக்கென பிக்இன்ட் வகை இருந்தாலும், சர்வர் அனுப்பும் தரவைப் படிக்கும் ஜேசன் படிப்பான் தானாக அதைத் தராது.

எக்செல் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். 16 இலக்க அட்டை எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். சென்னையின் 044 வெறும் 44 ஆகும். வங்கிக் கணக்கு எண்ணின் முன் 0 போய்விட்டால் பணம் போய்ச் சேராது. மரபணு ஆய்வாளர்கள் பட்ட அவதி இதைவிட மோசம்: மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது.

கைபேசி எண், ஆதார், கணக்கு எண், பதிவு எண் ஆகியவற்றை யாரும் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. கணக்குப் போடாத ஒன்றை எண்ணாகச் சேமிக்காதீர்கள். பைத்தானின் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தில் கோப்பைப் படிக்கும்போதே அந்த நெடுவரிசைகளை ஸ்ட்ரிங் என்று அறிவித்துவிடுங்கள். அடையாள எண் 101 திடீரென 101.0 ஆகத் தெரிந்தால் அந்த நெடுவரிசையில் எங்கோ ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. வெற்றிடத்தைக் குறிக்க வழியில்லாமல் பாண்டாஸ் முழு நெடுவரிசையையும் தசமமாக்கியிருக்கிறது. இதற்கும் ஸ்ட்ரிங்தான் மருந்து.

அறிகுறி: 1,25,000 உள்ளே போய் 1 ஆக வருகிறது

ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட்() எண்ணாகப் படிக்க முடிந்தவரை படித்து, முடியாத இடத்தில் நின்றுவிடும். காற்புள்ளி அந்த இடம். "12 கிலோ" கொடுத்தால் 12. பிழையே வராது. நம்பர்() கண்டிப்பானது, "1,25,000" கொடுத்தால் எண் அல்ல என்ற சிறப்பு மதிப்பைத் தரும். ஆனால் காலியான பெட்டியை அது 0 என்று எடுத்துக்கொள்ளும். நிரப்பாத மதிப்பெண்ணும் பூச்சியம் வாங்கிய மதிப்பெண்ணும் ஒன்றாகிவிடுவது எவ்வளவு பெரிய அநீதி! காலியா என்று தனியாகச் சோதித்த பிறகே மாற்றுங்கள். சி மொழியின் ஏடூஐ() இன்னும் மோசம். படிக்க முடியாத எதற்கும் 0. எங்கே நின்றது என்று சொல்லும் எஸ்டிஆர்டூஎல்()-ஐப் பயன்படுத்துங்கள்.

பைத்தானில் இன்ட்("1,25,000") வேல்யூஎரர் கொடுக்கும், இன்ட்("3.0")-உம் அப்படியே. முதலில் காற்புள்ளியையும் ரூபாய்க் குறியையும் நீக்குங்கள். பின்ன வடிவில் வரக்கூடியதை டெசிமல் வழியாக எடுங்கள். எல்லாம் நீக்கியும் மாறவில்லை என்றால் ரெப்ர்() போட்டுப் பாருங்கள்: வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய எண்ணில் கண்ணுக்குத் தெரியாத குறி ஏதேனும் ஒளிந்திருக்கும்.

தமிழ் எண்கள் கலந்த தரவுகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பைத்தானில் இன்ட்("௨௫") 25 தரும். யூனிகோடில் ௦ முதல் ௯ வரை தசம இலக்கங்களாகப் பதிவாகியிருக்கின்றன. ஜாவாவும் ஏற்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது. அதனால் பின்பக்கச் சோதனையில் தேறியது முன்பக்கத்தில் விழும். பழைய ஆவணங்களில் உள்ள ௰, ௱, ௲ ஆகியவை வேறு கதை: யூனிகோடு அவற்றை எண்ணாக அறியும், ஆனால் இடமதிப்பு இலக்கமாக அல்ல. "௨௰௫" என்ற பழைய முறை 25-ஐ இன்ட்() மறுத்துவிடும். அதற்கு நீங்களே ஒரு சார்பு எழுத வேண்டும்.

சியிலும் ஜாவாவிலும் ஒற்றை எழுத்தை எண்ணாக்கும்போது 5-க்குப் பதில் 53 வந்தால், அது அந்த எழுத்தைக் கணினி குறிக்கும் எண், அதாவது குறியெண். '0'-வின் குறியெண்ணைக் கழியுங்கள். தமிழ் ௫-க்கு இந்த வித்தை பலிக்காது. அதன் குறியெண் 3051, கழிக்க வேண்டியது ௦-வின் 3046.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக வருகின்றன

பைட்டுகளை எழுத்தாக மாற்றும்போது தவறான குறிமுறையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட். "தமிழ்" என்ற சொல்லுக்கு 5 குறியெண், 15 பைட். அவற்றை லத்தீன்-1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறிமுறை என்று நினைத்துப் படித்தால் ஒவ்வொன்றும் மூன்று விசித்திரக் குறிகளாக உடையும். தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும் அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் குறியும் மீண்டும் மீண்டும் வந்தால் உள்ளே இருப்பது தமிழேதான்; கவலை வேண்டாம். லத்தீன்-1 வழியாகத் திரும்பப் பைட்டாக்கி, யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் மீண்டுவிடும். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் தரவு அழிந்துவிட்டது. மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும். எக்செலில் திறக்கப்போகும் சிஎஸ்வி கோப்பை, தொடக்கத்தில் குறிமுறையைச் சொல்லும் முன்னடையாளம் சேர்த்த யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் தமிழ் நன்றாகத் தெரியும்.

அறிகுறி: -1, 1-ஐ விடப் பெரிது என்கிறது சி

ஒரு பக்கம் குறியுள்ள எண், மறுபக்கம் குறியற்ற எண். ஒரே அகலமுள்ள இரண்டும் சந்தித்தால் சி இரண்டையும் குறியற்றதாக்கும். 32 பிட்டில் -1 அப்போது 4294967295. குறியற்ற மாறியை 0 வரை இறக்கும் சுழல் முடியாமல் ஓடுவதும், காலி ஸ்ட்ரிங்கின் நீளத்தில் 1 கழித்தால் பிரம்மாண்டமான எண் வருவதும் இதனால்தான். கம்பைலரின் எச்சரிக்கையை மதித்தால் இவற்றில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

அறிகுறி: தேடல் மெதுவாகிறது, அல்லது சம்பந்தமில்லாத வரிசைகள் வருகின்றன

மைஎஸ்க்யூஎல்லில் எழுத்து வகை நெடுவரிசையை மேற்கோள் குறி இல்லாத எண்ணோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு வரிசையிலும் உள்ள எழுத்தை எண்ணாக மாற்றித்தான் அது பார்க்கும். "1", " 1", "1அ" என எல்லாம் 1-க்குச் சமமாகக்கூடும் என்பதால் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது. லட்சக்கணக்கான வரிசைகள் முழுவதும் துழாவப்படும். எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் எண்ணாக மாறும்போது 0 ஆகும். எனவே 0-வோடு ஒப்பிட்டால் அவை எல்லாம் வந்து நிற்கும். பிஎச்பியிலும் 8.0 பதிப்புக்கு முன் 0 == "அம்மா" என்பது உண்மையாகத்தான் இருந்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இப்படிப்பட்ட ஒப்பீட்டைப் பிழை என்று மறுத்துவிடும். எனக்கு அதுவே பிடிக்கும்.

தேடலில் மதிப்பை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் உடனே வேகம் திரும்பும். அந்த நெடுவரிசை உண்மையில் எண்ணாக இருக்க வேண்டியது என்றால் வகையை மாற்றலாம், ஆனால் உடனே வேண்டாம். இலக்கங்கள் அல்லாத எதையேனும் கொண்ட வரிசைகளையும், முன்னால் 0 உள்ளவற்றையும், காலியானவற்றையும் முதலில் தனித்தனியே பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் தரவைக் கொடுத்தவரிடம் காட்டி, அதை என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நெடுவரிசையை அப்படியே விட்டு, பக்கத்தில் புதியதைச் சேர்த்து, மாற்றிய மதிப்புகளை அதில் நிரப்புங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாத வரிசை ஒன்றுகூட இல்லை என்றான பிறகே பழையதை நீக்குங்கள்.